பெட்ரோல் வாசனை இல்லாத வண்டி

பருத்திப்பட்டு, ஆவடி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எழிலுக்கு அப்பா குணசேகரன் எழுதுவது.

நீ குளிருக்குத் தக்கபடி உடுத்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று வழக்கமாக எழுதும் வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் போனைக் கையில் எடுத்தாலே உன் அம்மா கட்டிலில் படுத்தபடி காதைத் தீட்டிக்கொள்கிறாள். பக்கத்து வீட்டு ரேணுகாவின் மகள் கிருஷ்ணப்பிரியா படிப்பதற்கு உங்கள் ஊருக்கு வருகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் படிப்பு முடியும்வரை தன் உடம்பைப் பற்றி உனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியக் கூடாது என்று உன் அம்மா பார்வதம் தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சத்தியத்தை மீற மாட்டேன். அதனால் வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வண்டியைப் பற்றி எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை.

நீ பள்ளிக்கூடம் போன அதே மோட்டார் சைக்கிள்தான். இன்ஜினைக் கழற்றிவிட்டுக் கரண்டில் ஓடும்படி வீட்டிலேயே மாற்றிவிட்டேன். பின் சக்கரத்துக்குள் மோட்டார், இன்ஜின் இருந்த இடத்தில் பேட்டரி. உன் அம்மாவுக்குப் பெட்ரோல் வாசனை ஆகவில்லை. மூக்கில் பட்டால் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுக்கிறாள். அவளோ அடிக்கடி முகப்பேர் ஆஸ்பத்திரி வரை போய் ஊசி ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஆட்டோவிலும் அதே வாசனைதான். பாதி வழியில் இறங்கி, அம்பத்தூர் ரோட்டோரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

உன் அப்பனுக்குப் புத்தி எங்கே போகும் சொல். ஆயுள் முழுக்கப் பீரங்கி வண்டிக்கு வெல்டிங் வைத்த கை. பேட்டரிப் பெட்டியையும் அதே கனத்தில் இரும்புத் தகடு வெட்டிச் செய்துவிட்டேன். சைடு ஸ்டாண்டு வளைந்து வண்டி சாய்ந்தது. பூந்தமல்லியிலிருந்து மோட்டார் பூட்ட வந்த ஹபிபுல்லா தலையில் கை வைத்துக்கொண்டு, "இன்னா அண்ணாத்தே இது, வண்டி யுத்தத்துக்கா போவுது? அண்ணி குந்திக்கினு போவத்தானே செய்றே!" என்றார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த உன் அம்மா அப்படிச் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

பெட்டியை அலுமினியத்தில் மறுபடி செய்தேன். அதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்த மாதமும் அவள் ஆட்டோவில்தான் போய் வந்தாள். என் கையை நானே வெட்டிப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

வண்டி தயாரான அன்று சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு சுற்று போகலாம் என்று கூப்பிட்டேன். அவளுடைய ஹெல்மெட் இப்போது தொளதொளவென்று ஆடுகிறது. கொண்டை இல்லையே. உள்ளே துண்டை மடித்து வைத்து மாட்டிவிட்டேன். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவள் ஏறினாள். பின்பக்க ஷாக் அப்சார்பர் கொஞ்சம்கூட இறங்கவில்லை, எழில். உட்கார்ந்தாளா இல்லையா என்று திரும்பிப் பார்த்தேன். உட்கார்ந்துதான் இருந்தாள். "இன்னாத்துக்கு முறைக்கிற, வண்டிய எடு" என்றாள்.

சத்தமே இல்லாமல் போனோம். முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வாசனையே வரவில்லை என்று சொன்னாள். நீ சின்ன வயதில் டேங்கின்மேல் உட்கார்ந்து தூங்கிப்போவதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். திரும்பி வந்ததும் அவளைப் படுக்க வைத்துவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்கடுத்த வாரம் ரிப்போர்ட் வாங்க நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இனிமேல் முகப்பேருக்கு வர வேண்டியதில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று எழுத மாட்டேன். அவ்வளவு பாடுபட்டுச் செய்த வண்டியில் அவள் போனது அந்த ஒரு சுற்றுதான். இப்போது அவள் பின்னால் உட்கார முடியாது. ஜன்னலுக்கு வெளியே வண்டியை நிறுத்தி வைக்கச் சொல்கிறாள், நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நீ எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. அதையும் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். வண்டி விஷயம் ஒன்றுதான் பாக்கி. ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி அனுமதி வாங்கியாயிற்று. ஒரு தடவை சார்ஜ் போட்டால், மீனம்பாக்கம் போய் இரண்டு பேராகத் திரும்பி வரும் அளவுக்கு ஓடுகிறது. நேற்று தனியாகப் போய், விமான நிலைய வாசல்வரை பார்த்துவிட்டு வந்தேன். தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறேன்.

பெட்டி மட்டும் சின்னதாக எடுத்துக்கொள், கண்ணு. பெரிய பெட்டி வைக்க வண்டியில் இடமில்லை.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
குணசேகரன்