நிலாவை ஆட்டிய கிரைண்டர்

ஏனுங்க, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தச் சீட்டுக்குக் கிட்டத்தில் வாங்க. ஒரு கதை வைத்துவிட்டுப் போகிறேன்.

கிரைண்டரில் நிலா விழுந்தது,
மாவு பொங்கி வெளிச்சமானது,
தோசை தின்ற தெரு முழுக்க
மருதமலைக்கு மேலே மிதந்தது.

சொந்தக்காரர் வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்ட இந்தப் பாட்டைத்தான், "மானம் போகுது பங்காரு, அழிச்சுப்போடு" என்று நேற்றுக் கத்தினீர்கள். அழிக்க மாட்டேன். கல்யாணமும் காரியமும் மட்டுமே வருகிற குரூப்பில் ஒரு நிலா வந்தால் என்ன குறைந்துவிடும்?

வந்த பதில்களை நீங்கள் படிக்கவே இல்லை. மதுக்கரை அக்ஷிதா எழுதியிருக்கிறாள்: "பாப்பா தவறினப்புறம் இன்னைக்குத்தானுங்க அத்தை சிரிச்சேன். அவளும் அந்தத் தெருவோட மிதக்கறான்னு நினைச்சுக்கிட்டேன்." குரூப்பில் போடாத மிச்சப் பாட்டை அவளுக்கு நேரில் சொல்லத்தான் பஸ் ஏறுகிறேன். சாயங்காலம் வந்துவிடுவேன்.

மாவு பிரிட்ஜில் இருக்கிறது. உப்புப் போட்டாகிவிட்டது, மறுபடி போட்டுவிடாதீர்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு சாஜிதாவிடம் கொடுங்கள்.

எழுத மறந்துவிட்டேன்: பெரியநாயக்கன்பாளையம் நவநீத், "நிலாவை ஆட்டறதுக்கு எத்தனை எச்.பி. மோட்டார் வேணுங்க பெரியம்மா?" என்று குரூப்பில் கேட்டிருக்கிறான். எனக்கென்ன தெரியும்? காலமெல்லாம் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றியவர் நீங்கள்தானே. எல்லோரும் பார்க்க நீங்களே பதில் போடுங்கள்.

நீங்கள் இருக்கிற வீடு நிறைந்திருக்கட்டும். அந்த வீட்டில் என் பாட்டும் இருக்கும்.