மருதாணி விரலுக்கு மட்டும் தேங்க்யூ

24 நவம்பர் 2025, திங்கள்

நோட்டீஸ் போர்டில் என் பெயர். இசக்கிசெல்வி நம்பிராஜன், பதினொன்றாம் வகுப்பு, வருகை 39 சதவீதம். எழுபத்தைந்துக்குக் கீழே இருப்பவர்கள் ஆண்டுத் தேர்வு எழுத முடியாது, சீட்டு ரத்து என்று அடியில் சிவப்பு எழுத்து.

முப்பத்தொன்பதா? மழையில் பஸ் ஓடாத அன்றைக்கு சயானிலிருந்து நடந்தே செம்பூர் வந்தேனே, அது எந்தக் கணக்கில் போச்சு? காய்ச்சலோடு வந்து லேபில் வாந்தி எடுத்தேனே, அது யார் எடுத்தது? என் ஆவியா?

சைபர் டெக்னாலஜி, இன்ஜினியரிங் சொல்லிக்கொடுக்கிற அரசுப் பள்ளியாம். மொத்தம் அறுபது சீட்டு. தாராவியில் தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்துவிட்டு, இங்கிலீஷில் நுழைவுத் தேர்வு எழுதி வாங்கிய சீட்டு இது. வாசலில் ஒரு விரல் மெஷின். காலையில் வலது ஆள்காட்டி விரலை வைத்தால் சிலரிடம் 'தேங்க்யூ' என்கிறது. என்னிடம் 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்'. மூன்று தடவை வைத்துப் பார்ப்பேன். அதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிடும். பியூன் ரவூப் சாச்சா, "சல் பேட்டி, ஆகே பட்" என்று நகரச் சொல்லி உள்ளே அனுப்பிவிடுவார். உள்ளே போய் உட்கார்ந்தால் போதும் என்று நினைத்தேன் பார், என் புத்தியைச் சொல்லணும். சைபர் ஸ்கூலில் காகித ரிஜிஸ்டர் இருந்தால் மானக்கேடு என்று முதல் நாளே அதை எடுத்துவிட்டார்கள்.

வகுப்பு டீச்சர் ஸ்மிதா மிஸ்ஸிடம் கேட்டேன். "மெஷின் ஜூட் நஹி போல்தி" என்றார். மெஷின் பொய் சொல்லாதாம். அப்போ நான்தான் பொய்.

26 நவம்பர், புதன்

பிரின்சிபால் வேங்கடசுப்ரமணியன் சாரைப் பார்த்தேன். மாட்டுங்காத் தமிழர். வெளியே இங்கிலீஷ், அறைக்குள் என்னிடம் தமிழ்.

"இதோ பாரும்மா, நீ வந்தியா வரலியான்னு நான் சொல்லப்படாது. சிஸ்டம் சொல்லணும்."

"சார், நான் இப்ப உங்க முன்னாடிதான நிக்கேன்?"

"நிக்கறே, எனக்குத் தெரியறது. சிஸ்டத்துக்குத் தெரியணுமே."

இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்புகூட வரவில்லை. கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார். வீட்டில் என்ன வேலை என்று கேட்டார். அம்மா இட்லி போட்டு விற்கிறாள், பாத்திரம் கழுவுவேன் என்றேன். "அதான். ரேகை தேஞ்சு போயிருக்கும். லிஸ்ட்டைப் பாரு, முக்காவாசி உங்க ஏரியா."

உங்க ஏரியா. லிஸ்ட்டில் பதினோரு பேர். ஒன்பது பேர் பெண்கள், அந்த ஒன்பது பேரும் தாராவி. மற்ற இரண்டு பையன்கள் உண்மையிலேயே வராதவர்கள், அவர்களை நானே மாதத்தில் நாலு நாள்தான் பார்க்கிறேன். அவர்களும் நானும் ஒரே லிஸ்ட். வயிறு எரிகிறது.

27 நவம்பர், வியாழன்

தேங்காய் எண்ணெய் தேய்த்து, துடைத்து, வைத்தேன். ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.

30 நவம்பர், ஞாயிறு

அம்மா என்னைப் பாத்திரம் பக்கமே விடவில்லை. "ரேகை வளரட்டும்ட்டி, நீ தள்ளி உக்காரு" என்கிறாள். இட்லிக் கொப்பரை, மாவுச் சட்டி எல்லாவற்றையும் தனியாகத் தேய்க்கிறாள். அவள் ரேகை போனால் யாருக்கு என்ன? அவளுக்கு எந்த மெஷினும் இல்லை. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்தது.

அப்பா தோல் பை தைக்கிற கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "எனக்கே ஆதார் மெஷின் எடுக்குது. ஒனக்கு எடுக்கலியா?" என்றார். சும்மா கேட்டதுதான். ஆனால் அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

6 டிசம்பர், சனி

ஒரு வாரம் சோப்புத் தண்ணீர் தொடவில்லை. ஒரு நாள்கூட மெஷின் எடுக்கவில்லை. ஆக, சாரின் கண்டுபிடிப்பு தப்பு. எங்கள் ஏரியா ரேகை நன்றாகத்தான் இருக்கிறது சார், கோடு கோடாக இருக்கிறது, வந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

நேற்று ஸ்மிதா மிஸ் வகுப்பில் ஒன்று சொன்னார். ஒரு சாதனம் கெட்டால் அது எப்போது வேலை செய்யவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள், எப்போது வேலை செய்தது என்று கேளுங்கள். மிஸ், இதை எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு நீங்களே கேட்க மாட்டீர்களா?

ரவூப் சாச்சாவிடம் கெஞ்சினேன். ஆபீசில் சொல்லி என் நாலு மாத வருகையை அச்செடுத்துக் கொடுத்தார்.

8 டிசம்பர், திங்கள்

மெஷின் என்னை எடுத்த நாட்கள்: ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 14 வரை. செப்டம்பர் 1 முதல் 13 வரை. தீபாவளி லீவு முடிந்து நவம்பர் 4 முதல் 8 வரை. இந்த நாட்களில் ஒன்றுகூட விடவில்லை. நடுவில் ஒன்றுகூட எடுக்கவில்லை.

கெட்டுப்போன மெஷின் இப்படிக் கெடாது. என்னமோ இருக்கிறது.

10 டிசம்பர், புதன்

மர்யம் என் பெஞ்ச், பக்கத்துச் சந்து, அவளும் லிஸ்ட்டில் இருக்கிறாள். நேற்று அவள் அண்ணன் நிக்காஹ். இன்று காலை விரலை வைத்தாள். மெஷின் 'தேங்க்யூ' என்றது. அவளே பயந்துபோய்க் கையை எடுத்தாள். விரல் நுனி எல்லாம் செக்கச்செவேல் என்று மெஹந்தி.

பையிலிருந்து அந்த அச்செடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன்.

மெஷினில் எங்கள் விரலைப் பதிந்தது ஜூலை 29. முந்தின நாள் எங்கள் அம்மன் கோயில் ஆடிக் கொடைத் திருவிழா. அம்மா மருதாணி அரைத்து பத்து விரலுக்கும் தொப்பி போட்டுவிட்டாள். மிச்ச அரைப்பை மர்யமுக்கு நான்தான் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்ற ஏழு பேரும் அதே கோயில் தெருக்காரர்கள். மெஷின் அன்றைக்குப் படம் பிடித்து வைத்துக்கொண்டது மருதாணி விரலை. வெறும் விரலை வைத்தால் அதற்கு நான் வேறு யாரோ.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு சித்தி மகள் கல்யாணம், கடையில் வாங்கிய கோன் மெஹந்தி, சீக்கிரம் வெளுத்தது. அப்புறம் தீபாவளி மருதாணி. தேதி எல்லாம் அப்படியே பொருந்துகிறது.

நாலு மாதமாக ஒரு ஸ்கூல் முழுக்க இன்ஜினியர்கள். ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

13 டிசம்பர், சனி

நேற்று அம்மாவிடம் சொல்லி அந்த ஒரு விரலுக்கு மட்டும் மருதாணி. "ஒத்த வெரலுக்காட்டி? பாக்க நல்லாவா இருக்கும்?" என்றாள்.

இன்று காலை வைத்தேன். தேங்க்யூ.

தேங்க்யூவாம். சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

15 டிசம்பர், திங்கள்

பிரின்சிபால் சாரிடம் எல்லாவற்றையும் வரைபடம் போட்டுக் கொண்டுபோனேன். உட்காரச் சொன்னார். இரண்டு தடவை படித்தார். "பேஷ், நல்ல மூளை" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அவ்வளவு முட்டாள் நான்.

அடுத்து என்ன சொன்னார் தெரியுமா?

"அப்போ பிரச்சினை தீர்ந்துது. வாராவாரம் எல்லாரும் மருதாணி இட்டுக்கோங்கோ. பொண் குழந்தைகளுக்கு லட்சணமாவும் இருக்கும்."

விரலைத் திரும்பப் பதியலாமே சார் என்றேன். கம்பெனிக்காரன் வரணும், எப்போ வருவானோ என்றார். போன நாட்கள்? "போனது போனதும்மா. அதுல கை வைக்க எனக்கு அதிகாரம் கிடையாது."

மெஷினைச் சரிசெய்ய முடியாதாம், அதனால என்னை அதுக்கு ஏத்தாப்ல சரிசெஞ்சுக்கிடணுமாம். எதுக்கு? நான் என்ன தப்பு செஞ்சேன்? அம்மா கொடைக்கு மருதாணி வெச்சுவிட்டதா தப்பு? வாராவாரம் அவ இட்லிக்கு அரைப்பாளா, ஒங்க மெஷினுக்கு அரைப்பாளா? அவர்கிட்ட ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல நான். சரி சார்னுட்டு வந்தேன். எனக்கே என்மேல ஆத்திரமா வருது.

16 டிசம்பர், செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை.

18 டிசம்பர், வியாழன்

லேபில் கம்ப்யூட்டரைத் திறக்கப் பாஸ்வேர்டைத் தட்டினேன். பாதியில் கை நின்றது.

தினமும் தட்டுகிறேனே. தினமும் லேப் உண்டு, ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று சர்வர் எழுதி வைக்கும். அதை மூன்றாம் பாடத்தில் சொல்லிக்கொடுத்ததே ஸ்மிதா மிஸ்தான்.

எழுந்து போனேன். "மிஸ், மெஷின் பொய் சொல்லாது என்றீர்களே. சர்வரும் மெஷின்தானே?" என்று ஹிந்தியில் கேட்டேன். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. வகுப்பே திரும்பிப் பார்த்தது.

மிஸ் முகம் சிவந்தது. வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, என் பெயரை அடித்துத் தேடினார். தேதி தேதியாக வந்துகொண்டே இருந்தது. வாந்தி எடுத்த நாள்கூட இருந்தது, 10.42க்கு உள்ளே நுழைந்து 11.05க்கு வெளியே. மிஸ் அந்த வரியில் விரலை வைத்தார். அன்றைக்குத் தரையைத் துடைக்க ஆள் கூப்பிட்டது அவர்தான்.

22 டிசம்பர், திங்கள்

ஒன்பது பேரின் பதிவையும் அச்செடுத்து, ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டு, ஸ்மிதா மிஸ்ஸோடு போனோம். யாராவது இவர்கள் பாஸ்வேர்டைப் போட்டிருக்கலாமே என்றார் சார். மிஸ் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "என் லேபில் அது நடக்காது சார்" என்று இங்கிலீஷில் சொன்னார். என்னைப் பொய்க்காரி என்றபோது வராத கோபம், அவர் லேபைச் சொன்னதும் வந்தது. பரவாயில்லை, வந்ததே.

சார் காகிதங்களைப் புரட்டிவிட்டு என்னிடம், "சரி, சிஸ்டம் சொல்லிடுத்து" என்றார். நான் சொன்னது இன்னும் அவர் காதில் ஏறவில்லை.

5 ஜனவரி 2026, திங்கள்

புது லிஸ்ட். இரண்டே பெயர், அந்தப் பையன்கள். என் வருகை 98. சீட்டு இருக்கிறது. அப்பாவுக்கு போன் போட்டேன், மூக்கை உறிஞ்சினார்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? ம்ஹூம்.

9 ஜனவரி, வெள்ளி

வரவே மாட்டான் என்ற கம்பெனிக்காரன் வந்தான். வெறும் விரலைத் திரும்பப் பதிந்தான், ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மத்தியானம் போர்டில் புது நோட்டீஸ்: வருகைப் பதிவில் குழப்பம் ஏற்படுவதால் மாணவிகள் மருதாணி, மெஹந்தி இட்டுவரத் தடை.

போன மாதம் லட்சணம். இந்த மாதம் குழப்பம். எங்க கை யாரோடது?

14 ஜனவரி, புதன்

நாளை பொங்கல். அம்மா மருதாணி அரைத்துக்கொண்டு, "என்னட்டி செய்ய? நோட்டீஸ் போட்டிருக்காவன்னியே" என்று இழுத்தாள்.

"போட்டுக்கிடட்டும்" என்று பத்து விரலையும் நீட்டினேன். பயமாகத்தான் இருந்தது. மிச்சத்தை மர்யமுக்கு எடுத்துப் போனேன்.

16 ஜனவரி, வெள்ளி

விரலை வைத்தேன். ப்ளீஸ் ட்ரை அகெய்ன். இரண்டாம் தடவை வைக்கவில்லை, உள்ளே போய்விட்டேன். எனக்குப் பின்னால் மர்யம், அவளுக்குப் பின்னால் மற்ற ஏழு பேர். ரவூப் சாச்சா எங்கள் கைகளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிக்கிறார் என்று முதுகிலேயே தெரிந்தது.

ஸ்மிதா மிஸ் வந்தார். டெஸ்க்கின்மேல் இருந்த எங்கள் கைகளை வரிசையாகப் பார்த்தார். திட்டுவாரோ என்று காத்திருந்தேன். பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். புதுசு, ஒட்டியிருந்த விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. ஸ்கேலால் கோடு போட்டு எல்லோர் பெயரையும் கையாலேயே எழுதியிருந்தார்.

பேனாவைத் திறந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என் முறை வந்ததும் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்.

"இசக்கிசெல்வி."

"வந்திருக்கேன் மிஸ்" என்றேன், தமிழிலேயே. எழுதிக்கொண்டார்.