பின்னால் பார்க்கிற வேலை

ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் பஞ்சுத் துணியைக் கழற்றித் துவைத்து, ஹீட்டரின் மேல் காயப்போட்டிருக்கிறேன். இங்கிலாந்தில் வெயிலை நம்பி எதையும் துவைக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க ஒரு வாசம் பரவியது. ஈரப் பஞ்சும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசம். உன் ஹெல்மெட்டும் இப்படித்தான் மணக்கும், கூடவே நசுங்கிய மல்லிகை. "இதப் போட்டா பூ வைக்க முடியல, பூ வச்சா இதப் போட முடியல. இந்தச் சட்டத்தப் போட்டவன் வீட்ல பொம்பளைக இல்ல போல" என்று வண்டியூரில் ஏறினால் தெப்பக்குளம் தாண்டும்வரை முணுமுணுப்பாய். போலீஸ் நிற்கிற திருப்பம் வந்ததும் சத்தமில்லாமல் மாட்டிக்கொள்வாய்.

இங்கே பைக் லைசென்ஸ் எடுக்க நான் பட்ட பாட்டை உன்னிடம்தான் சொல்ல முடியும். மற்றவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். ஆனால் அது ஏன் எனக்குச் சுலபத்தில் கிடைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

நீ இறந்துபோன மூன்றாம் வருடம் நம் மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்த அதே நர்ஸ் வேலைதான். இங்கே வீடு வீடாகப் போய் வயதானவர்களின் புண்ணுக்குக் கட்டுப் போட வேண்டும். வண்டி இல்லாமல் ஆகாது. நம் ஊர் லைசென்ஸ் இங்கே ஓராண்டுக்குத்தான் செல்லும். அதற்குள் இந்த ஊர் டெஸ்டில் பாஸாகாவிட்டால், ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்டுக்கு மாற்றிவிடுவோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். பதினான்கு வயதுப் பெண்ணை ராத்திரியெல்லாம் தனியாக விட்டுவிட்டு நான் எங்கே போவது?

ஆனாலும் நான் பயப்படவில்லை. இருபது வருடம் மதுரையில் வண்டி ஓட்டியவனுக்கு இந்தக் காலி ரோட்டில் என்ன கஷ்டம் என்று கொஞ்சம் திமிராகவே இருந்தேன். விளக்குத்தூண் பக்கம் தீபாவளி நெரிசலில் உன்னையும் இரண்டு ஜவுளிப் பைகளையும் வைத்துக்கொண்டு கால் ஊன்றாமல் வந்தவன் நான். அதைச் சொன்னால் பயிற்சி கொடுத்த அம்மாள் நம்பவில்லை. அறுபது வயதிருக்கும், நரைத்த முடியை இரட்டைப் பின்னலாகப் போட்டிருப்பாள். முதல் நாள் என்னைக் கால் மணி நேரம் ஓட்டவிட்டு நிறுத்தினாள்.

"ஒருமுறைகூட நீ திரும்பிப் பார்க்கவில்லை" என்றாள்.

"கண்ணாடியில் பார்த்தேன்" என்றேன். அதுவும் பொய்தான்.

"கண்ணாடியில் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. வண்டியைத் திருப்புவதற்கு முன்னால் தோளுக்கு மேலே தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதற்கு இங்கே 'லைஃப்சேவர்' என்று பெயர். உயிரைக் காப்பாற்றுகிற பார்வை. இருபது வருடம் இதைச் செய்யாமல் நீ எப்படி உயிரோடு இருக்கிறாய்?"

"என் மனைவி பார்த்தாள்" என்றேன்.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

நம் வண்டியில் கண்ணாடி இருந்தது ஒரு மாதம்தான். சந்தில் நிறுத்தும்போதெல்லாம் பக்கத்து வீட்டு வண்டியில் இடித்தது. "கழட்டிப்புடுங்க. முட்டு முட்டுனு முட்டிக்கிட்டு. பின்னாடி நான் இருக்கேன்ல, நான் பாத்துக்கிறேன்" என்றாய். கழற்றி அலமாரி மேலே போட்டேன். இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு ஒருசாய்த்து உட்கார்ந்திருக்கும் உனக்கு லேசாகக் கழுத்தைத் திருப்பினாலே பின்னால் வருவது முழுக்கத் தெரியும். இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் கையை நீட்டுவாய், வளையல் சத்தம் கேட்கும். வலப்பக்கம் என்றால் வாய்தான். "இருங்க… இருங்க… பஸ்சு வாரான்… ம், வரலாம்." அந்த 'வரலாம்' காதில் விழுந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு திருப்புவேன். கொஞ்சம் மிகையாகச் சொல்கிறேன். ஆனால் தலையைத் திருப்பியதே இல்லை.

உன் அம்மா வீட்டுக்கு வாடிப்பட்டி போகும் நாட்களில் நான்குவழிச் சாலையில் உனக்கு வாய் ஓயாது. லாரி, டெம்போ, கார் என்று பின்னால் வருகிற ஒவ்வொருவனுக்கும் நீயே வழி விடுவாய். அலங்காநல்லூர்ப் பக்கம் என்றால் கரும்பு லாரி. "அம்புட்டுக் கரும்பையும் நம்ம தலையில கொட்டிருவான் போல, விடுங்க அவன, போகட்டும்" என்பாய். ஒருமுறை எதற்கோ பெரிய சண்டை. எதற்கென்று இப்போது யோசித்தாலும் நினைவு வரவில்லை. இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. ஆனால் காலையில் உன்னைக் கோர்ட்டுப் பக்கம் வக்கீல் ஆபீஸில் இறக்கிவிட வேண்டும், நீ அங்கே டைப் அடிக்கும் வேலை பார்த்தாய். உர்ரென்று ஏறி உட்கார்ந்தாய். தெப்பக்குளம் திருப்பத்தில் மட்டும், யாருக்கோ சொல்வதுபோல, "வரலாம்" என்றாய். இரண்டு நாளில் நீ பேசிய ஒரே சொல் அதுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதுகில் ஒரு குத்து விழுந்தது, சண்டை அதோடு தீர்ந்தது.

முதல் டெஸ்டில் நான் தோற்ற கதையைக் கேள். இங்கே தேர்வாளர் இன்னொரு பைக்கில் நமக்குப் பின்னாலேயே வருவார். நம் காதில் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிடுவார்கள். வழியை அவர் அதில் சொல்லிக்கொண்டே வருவார். எனக்கு இது முன்னாலேயே தெரியும். ஆனால் கிளம்பி நூறு அடி போனதும், பின்னாலிருந்து ஒரு குரல் காதுக்குள் வந்து, "அடுத்த ரவுண்டானாவில் வலப்பக்கம் போங்கள்" என்றபோது, என் உடம்பு லேசாகிவிட்டது. தோள் இறங்கிவிட்டது. மூன்று வருடத்துக்குப் பிறகு பின்னாலிருந்து ஒரு குரல். ஆண் குரல், ஆங்கிலம், கரகரவென்று வேறு இருந்தது. இருந்தாலும் பின்னால் ஆள் இருக்கிறது என்று எனக்குள் எதுவோ நிம்மதியாகிவிட்டது. ரவுண்டானா வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் வரலாம் என்றுதானே அர்த்தம்? திருப்பிவிட்டேன். வலப்பக்கம் பின்னால் வந்த ஒரு வேன் கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது.

அவர் என்னை ஓரமாக நிறுத்தச் சொன்னார். கோபப்படவில்லை. "நான் வழி மட்டும்தான் சொல்வேன். பின்னால் என்ன வருகிறது என்று சொல்ல மாட்டேன். அதைப் பார்க்கிற வேலை உங்களுடையது" என்றார்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கொஞ்ச நேரம் நின்றேன். கழற்றினால் முகம் தெரியும்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு காலி மைதானத்தில் திரும்பிப் பார்க்கப் பழகினேன். கழுத்து திரும்பாமல் இல்லை. திரும்பினால் கண்ணின் ஓரத்தில் பின் சீட்டு தெரிகிறது. அதில் யாரும் இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டே ஓட்டும்வரை நீ பின்னால் இருக்கிறாய் என்று வைத்துக்கொள்ளலாம். இத்தனை நாள் அப்படித்தான் ஓட்டினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பி, நீ இல்லை என்று பார்த்து உறுதி செய்துகொண்டு போ என்கிறது இந்த ஊர்ச் சட்டம். இதை அந்தப் பயிற்சி அம்மாளிடம் எப்படிச் சொல்வது? "கழுத்துப் பிடிப்பு" என்றேன். அவள் ஒரு தைலம் கொண்டுவந்து கொடுத்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது வண்டியைப் பற்றியதில்லை.

இங்கே நான் வீட்டுக்குப் போய்க் கட்டுப் போடுகிற ஒரு கிழவி இருக்கிறாள். போன மாதம் அவள் கால் வீங்கியிருந்தது. கட்டை விரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. உள்ளே நீர் கோத்திருக்கிறது, சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு அடையாளம். நர்ஸ் படிப்பில் முதல் வருடமே சொல்லிக்கொடுக்கும் விஷயம் இது, எத்தனையோ பேர் காலில் அழுத்தியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் எனக்கு மேற்கொண்டு வேலை ஓடவில்லை.

கடைசி வருடம் நீ வண்டியில் பேச்சைக் குறைத்துக்கொண்டாய். முதுகில் சாய்ந்துகொள்ள ஆரம்பித்தாய். எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகு பொண்டாட்டிக்கு ஆசை வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மெதுவாக ஓட்டினேன், அவ்வளவுதான் செய்தேன். 'வரலாம்' என்று மட்டும் தவறாமல் சொன்னாய். உன் கால்கள் இடப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தன. செருப்பின் வார் பதிந்து தடம் விழும் அளவுக்கு அவை வீங்கியிருந்ததை உன் தங்கைதான் முதலில் பார்த்தாள். அதற்குள் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. ஊரார் காலையெல்லாம் அமுக்கிப் பார்த்தவன் உன் காலைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், "ஏன்டி சொல்லல" என்று கேட்டேன். "களைப்புத்தானேன்னு இருந்துட்டேன். நீங்களும் டூட்டி முடிஞ்சு களைச்சுப்போய் வாரீக" என்றாய். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

எனக்காக நீ இருபது வருடம் திரும்பிப் பார்த்தாய். உனக்காக நான் ஒருமுறை திரும்பியிருக்கலாம்.

இரண்டாவது டெஸ்ட் போன வெள்ளிக்கிழமை. மழை தூறிக்கொண்டிருந்தது. காதில் அதே கரகரத்த குரல். ஒவ்வொரு திருப்பத்திலும் தலையைத் திருப்பினேன். ஒவ்வொரு முறையும் காலி சீட்டைப் பார்த்தேன், அதைத் தாண்டி ரோட்டைப் பார்த்தேன், பிறகு திருப்பினேன். நாற்பது நிமிடமும் அப்படித்தான். முடிந்ததும் தேர்வாளர், "பாஸ். ஆனால் சில இடங்களில் தேவைக்கு மேல் அதிக நேரம் திரும்பிப் பார்க்கிறீர்கள்" என்றார். சரி என்றேன்.

டெஸ்ட் முடியும்வரை மகளைப் பின்னால் ஏற்றுவதில்லை என்று வைத்திருந்தேன். நேற்று அவள் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறி உட்கார்ந்தாள். அவள் ஒருசாய்த்து உட்காருகிற பெண் இல்லை. சாவியைத் திருப்பிய பிறகுதான் முதுகில் அவள் தலை சாய்வது தெரிந்தது. வண்டியை அணைத்தேன்.

முழுதாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"என்னப்பா, எதையும் மறந்துட்டீங்களா?"

"களைப்பா இருக்கா பாப்பா?"

"இல்லப்பா. நேத்து லேட்டாத் தூங்குனேன், அம்புட்டுத்தான். ஏன்?"

"காலு வலிக்குதா?"

"ஐயோ, இல்லப்பா. பசிக்குது. எல்லாரும் பாக்குறாங்க, போலாம்."

பின்னால் ஒரு கார் வழிக்காகக் காத்து நின்றது. அவசரமில்லை என்று கையைக் காட்டினேன். அவள் கண்ணுக்குக் கீழே பார்த்தேன், கன்னத்தைப் பார்த்தேன், மிதியில் ஊன்றியிருந்த கால்களைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.