தேரி நிலையத்துச் சராசரி

தேரி நிலையம், செவ்வாய். நாள் 611. காலை 07:10
பதிவு: எஸ்தர் பொன்மலர், நச்சியல் ஆய்வாளர்.

காற்று சரி. குடிநீர் வரம்புக்குள். பசுங்குடில் கீரை வரம்புக்குள். நாற்பத்தொரு பேரின் ரத்தத்தில் நஞ்சின் சராசரி, அனுமதித்த அளவில் பத்தில் நான்கு பங்கு.

பின்னால் இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்காக ஒரு விளக்கம். இந்தக் கிரகத்து மண்ணில் பெர்குளோரேட் என்றொரு உப்பு உண்டு. உடம்புக்குள் போனால் அயோடினைத் தைராய்டுக்குள் விடாமல் வாசலில் நந்தி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அதனால் மண்ணைக் கழுவித்தான் பயிர் வைக்கிறோம், தண்ணீரை வடிகட்டித்தான் குடிக்கிறோம். அப்படியும் தங்குகிற மிச்சம் யாரை என்ன செய்யும் என்று பார்ப்பது என் வேலை. சிவப்பு மணலைப் பார்த்ததும் எங்கள் ஊர்த் தேரிக்காடு ஞாபகம் வந்து, யாரோ இந்தப் பேரை வைத்துவிட்டார்கள். அங்கே பனையாவது நின்றது.

நாள் 618. 09:40

ரத்தம் எடுக்கும் நாள். இயந்திரம் கையைக் கவ்விப் பிடித்து, தானே எடுத்து, தானே அளந்து, தானே பூமிக்கு அனுப்பிவிடும். நடுவில் யாரும் விரல் வைக்க முடியாது. என்னையே நம்பாத இயந்திரம் அது.

சராசரி வரம்புக்குள். ஆனால் இசக்கியம்மாளின் அளவு வரம்பைப் போல ஒன்பது மடங்கு. இசக்கி எங்கள் வெல்டர், மூன்று மாதக் கர்ப்பிணி. இந்தக் கிரகத்தில் உண்டான முதல் பிள்ளை அவள் வயிற்றில் இருக்கிறது. இந்த மாதங்களில் பிள்ளையின் மூளை வளர்வது தாயின் தைராய்டுச் சுரப்பை நம்பித்தான். அது குறைந்தால் பிள்ளை பிறக்கும், சிரிக்கும், ஆனால் புத்தி வளராமல் நின்றுவிடலாம்.

மறுபடி எடுத்தேன். ஒன்பதுதான். அதே சோறு, அதே தண்ணீர், அதே காற்று. இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

நாள் 620. 13:25

தெரிந்துவிட்டது. பசுங்குடிலில் வேலையாக இருந்த இசக்கியை ரேடியோவில் கூப்பிட்டுக் கேட்டேன், நேற்று என்ன சாப்பிட்டாய் என்று.

இசக்கி: "எக்கா, நான் கேட்டு வாங்கல. மாசமா இருக்கவ கீரை தின்னணும்னு ஆளாளுக்கு என் தட்டுல தள்ளுதாவ. ஆசையா வைக்கும்போது வேண்டாம்னா மூஞ்சி சுண்டிப் போவுது. நேத்து உங்க பங்கையுந்தான் வச்சீய."

ஆமாம், வைத்தேன். வாயும் வயிறுமாக இருக்கிறாள், தின்னட்டும் என்று சொல்லிக்கொண்டே வைத்தேன். இலைதான் இந்த உப்பை அதிகம் இழுக்கும் என்பது எனக்குத் தெரியாததா? ஆளுக்கு ஒரு கைப்பிடி என்றுதான் வரம்பு போட்டிருந்தேன். ஊர்ப் பங்கையெல்லாம் ஒருத்தி தின்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவமானமாக இருக்கிறது. இன்று முதல் அவளுக்குக் கீரை கிடையாது என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டேன்.

நாள் 632. 18:05

ஒன்பது மடங்கு மூன்றாகக் குறைந்தது. அங்கேயே நின்றுவிட்டது. மிச்சம் குடிநீரிலிருந்து வருகிறது; வெல்டிங் சூட்டுக்கும் கர்ப்பத்துக்கும் அவள் மற்றவர்களைவிடப் பல மடங்கு குடிக்கிறாள். வடிகட்டி கிழடு தட்டிவிட்டது. புது வடிகட்டியும் அயோடின் மாத்திரையும் வருகிற சரக்குக் கப்பலுக்கு இன்னும் ஏழு மாதம். அதற்குள் பிள்ளையே பிறந்துவிடும். ஆய்வகத்தில் நான் காய்ச்சி வடிப்பது ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர், அதற்குமேல் மின்சாரம் தரமாட்டார்கள். அதை அவளுக்குத்தான் கொடுக்கிறேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

நல்ல தண்ணீர் இல்லாமல் இல்லை. எரிபொருள் ஆலையில் பனியை உருக்கி வடித்த நீர் தொட்டி தொட்டியாக நிற்கிறது. அதன் வால்வு பூமியிலுள்ள தரக் குழுவின் கையில். ரத்தச் சராசரி மூன்று வாரம் தொடர்ந்து வரம்பைத் தாண்டினால் திறக்கும். மற்றபடி ஒரு சொட்டு வராது. ஒரு கர்ப்பிணிக்குத் தினமும் ஒரு குடம் தாருங்கள் என்று எழுதினேன். பதில் வந்தது.

தரக் குழு, பூமி: "நிலையத்தின் சராசரி வரம்புக்குள் உள்ளது. தனி ஒருவரின் அளவைப் பிரித்துப் பார்க்கும் நடைமுறை இல்லை. எரிபொருள் இலக்கை மாற்ற இயலாது. பிரசவத்துக்கு வாழ்த்துகள்."

வாழ்த்துகளாம்! வயிறு எரிகிறது எனக்கு.

நாள் 633. 05:50

யோசித்துவிட்டேன். தனி ஒருவரைப் பிரித்துப் பார்க்கமாட்டார்களா? நல்லது. அப்படியானால் என்னையும் பிரிக்க முடியாது.

மண் கழுவிய உப்பு கொட்டகையில் பீப்பாய் பீப்பாயாகக் கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்து தினமும் ஒரு சிட்டிகை நான் ஒருத்தி தின்றால் போதும், நாற்பத்தொரு பேரின் சராசரியும் எகிறும். ஒரு காலத்தில் தைராய்டு மிகையாகச் சுரந்தவர்களுக்கு இதையே மருந்தாகக் கொடுத்தார்கள். பெரியவர்கள் பெரும்பாலும் தாங்குவார்கள். சிலருக்கு மட்டும் எலும்பு மஜ்ஜை செத்து, புது ரத்தம் ஊறாமல் போயிருக்கிறது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்தப் பிள்ளைக்கு இன்னும் வயதே தொடங்கவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளந்துதான் போட்டேன். நாக்கில் கசக்கிறது.

நாள் 639. 10:15

முதல் வாரம். சராசரி வரம்பைத் தாண்டிவிட்டது, சும்மா இல்லை, எக்கச்சக்கமாக. ஆய்வகக் கதவை உள்ளே பூட்டிவிட்டேன். நிலையத் தலைவர் ஆவுடையப்பன் ரேடியோவில் குதிக்கிறார்.

ஆவுடையப்பன்: "ஏம்மா எஸ்தர், உன் ரத்தத்துல என்ன கூத்து நடக்கு? மெசின் கெட்டுப் போச்சா, இல்ல உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா?"

நான்: "மெசின் நல்லாத்தான் இருக்கு, அண்ணாச்சி."

நாள் 646. 16:30

இரண்டாம் வாரம். சராசரி வரம்புக்கு மேல். ஈறில் ரத்தம் கசிகிறது. தொடையில் அடிபடாமலே நீலம் பாரித்திருக்கிறது. என் ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்தேன். அந்தச் சிலரில் நானும் ஒருத்தி போலிருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. நிறுத்தமாட்டேன். நான் செய்வது இசக்கிக்குத் தெரிந்துவிட்டது, ரேடியோவில் கூப்பிட்டாள்.

இசக்கி: "எக்கா, எனக்காவ நீங்க சாவாதீங்க. அந்தப் பாவத்த என் பிள்ளை எப்படிச் சொமக்கும்?"

போடி, சாவதற்கெல்லாம் எனக்கு நேரமில்லை என்றேன். பிள்ளைமேல் ஒரு பாவமும் இல்லை. பாவம் பூமியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

நாள் 653. 11:00

மூன்றாம் வாரம். வரம்புக்கு மேல். குழாய்ப் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வரவில்லை. கடிதம் வந்தது.

தரக் குழு, பூமி: "உறுப்பினர் எஸ்தர் பொன்மலரின் அளவு விதிவிலக்கு என்பதால் நீக்கப்பட்டது. திருத்திய சராசரி மூன்று வாரமும் வரம்புக்குள். வால்வைத் திறக்கத் தேவையில்லை."

பிரித்துப் பார்க்கும் நடைமுறை இல்லை என்று எழுதியதும் இதே கைதானே! காப்பாற்ற வேண்டுமென்றால் இசக்கியைப் பிரிக்க முடியாது. தண்ணீரை மிச்சம் பிடிக்க என்னைப் பிரிக்கலாம். பாழாய்ப் போவார்கள். எழுந்து நின்று சத்தம் போட்டுத் திட்டினேன். அப்புறம் தரை என் முகத்துக்குப் பக்கத்தில்

நாள் 656. நேரம் பார்க்கவில்லை

மருத்துவ அறையில் இருக்கிறேன். கதவை உடைத்துத் தூக்கி வந்திருக்கிறார்கள். உப்புக் குப்பியைப் பிடுங்கிவிட்டார்கள். இசக்கி வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொண்டையில் தைராய்டு இருக்கும் இடம் லேசாக வீங்கியிருக்கிறது அவளுக்கு. கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். அழுதேன்.

நாள் 660. காலை

இன்று ரத்தம் எடுத்தார்கள். தாளை இங்கே கொண்டுவரச் சொன்னேன். என் கண்தான் மங்கிவிட்டது என்று நினைத்தேன். என்னை விட்டுவிட்டுக் கூட்டினாலும் சராசரி வரம்புக்கு மேல். எவ்வளவோ மேல். பேர் பேராகப் பார்த்தேன். சமையல்காரர், மருத்துவர், பம்ப் பையன்கள், எல்லோரும். ரேடியோவை எடுத்துக் கத்தினேன், என்ன செய்தீர்கள் என்று.

ஆவுடையப்பன்: "நீ கடைசியா நிறுத்த அளவு உன் தராசுல அப்படியே கெடந்துச்சும்மா. பயப்படாத, ஆளுக்கு அதுல கால்வாசிதான் உன் குப்பியிலேர்ந்து எடுத்தோம். ஒருதரந்தான். இசக்கியத் தவிர முப்பத்தொம்பது பேரும் கலக்கிக் குடிச்சாச்சு. கசப்புதான், ஆனா உன் சமையலுக்குப் பரவால்ல."

அறிவுகெட்ட ஜென்மங்கள். நஞ்சை ஆராய்பவளைக் கேட்காமல் நஞ்சைக் குடித்திருக்கிறார்கள். இனி ஒரு சிட்டிகை தொட்டால் கையை முறிப்பேன் என்று சொல்லிவிட்டேன். கண்ணீர் நிற்கவில்லை. கோபத்திலா என்னவென்று தெரியவில்லை.

நாள் 660. மாலை

பூமிக்கு அனுப்பியாயிற்று. கண் இருட்டிக்கொண்டு வருகிறது, அதற்குள் இதன் நகலைக் கையால் இங்கே எழுதி வைக்கிறேன், அவர்கள் அழித்தாலும் இருக்கட்டும்.

"தரக் குழுவுக்கு. என்னை விதிவிலக்கு என்று நீக்கினீர்கள். இன்று அண்ணாச்சியும் விதிவிலக்கு. நீக்குங்கள். சமையல்காரரை நீக்குங்கள். மருத்துவரை நீக்குங்கள். ஒவ்வொருவராக நாற்பது பேரையும் நீக்குங்கள். உப்பைத் தொடாத ஆள் இங்கே ஒருத்திதான். எல்லோரையும் நீக்கிய பின் மிச்சம் இசக்கியம்மாள். அவள் அளவுதான் அப்போது உங்கள் சராசரி. அது வரம்பைப் போல மூன்று மடங்கு, நான்கு வாரமாக. மூன்று வாரம் போதும் என்பது உங்கள் விதி. எங்களைச் சேர்த்துக் கூட்டினாலும் திறக்க வேண்டும். கழித்துக் கூட்டினாலும் திறக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன். வால்வைத் திற