வாயுதான்பா என்றேன்

அப்பா,

இன்று மதியம் டாக்டர்கள் அறைக்குள் நுழைந்ததும் மிளகாய்ச் சம்பல் வாசனை. புதிதாகச் சேர்ந்த பயிற்சி மருத்துவர் ஒருத்தி, நின்றபடியே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உங்கள் ஞாபகம் வந்து எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

என் முதல் மாதமும் அப்படித்தான். விடியுமுன் வார்டுக்குப் போனால் ரத்தம் எடுக்க வேண்டும், ரிசல்ட் தேடி ஓட வேண்டும், ஸ்பெஷலிஸ்ட் கேள்வி கேட்டால் திருதிருவென விழிக்க வேண்டும். பசி எனக்கு மறந்துவிடும், உங்களுக்கு மறக்காது. தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, தூங்காமல் மாசாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, ஆஸ்பத்திரி மாடிப்படி அடியில் நாசி லெமாக் பொட்டலத்தோடு நிற்பீர்கள். "டாக்டரம்மா, மொதல்ல சாப்பிடுங்க. அப்புறம் ஊரக் காப்பாத்தலாம்" என்பீர்கள்.

ஒருநாள் வார்டு ரவுண்டில் எனக்குச் சரியான திட்டு. வேர்த்துக் கிடந்த ஒரு நோயாளியிடம் நெஞ்சு வலிக்கிறதா என்று நான் கேட்காமல் விட்டதற்காக. ரிசல்ட் எடுத்துவர என்னை விரட்டினார்கள். அந்தக் கோபத்தோடு இறங்கி வந்து உங்கள் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். உங்கள் சட்டை நனைந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

"வாயு மாதிரி நெஞ்ச அடைக்குதும்மா. நேரம் இருந்தா..."

"வாயுதான்பா. வீட்டுக்குப் போய்ப் படுங்க. மேல காத்திருக்காங்க லா!"

"சரிம்மா, நீ போ" என்றீர்கள். மகள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டீர்கள். அவசரப் பிரிவு அங்கிருந்து ஒரு தாழ்வாரம் தள்ளித்தான் இருந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா அழைத்தபோது என் ஃபோன் லாக்கரில் கிடந்தது. நான் எடுத்துப் பார்ப்பதற்குள் நீங்கள் போய்விட்டிருந்தீர்கள்.

வேலைப்பளு, பாவம், பிள்ளை என்ன செய்யும் என்றார்கள். அதில் எனக்கு ஆறுதல் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் அப்படி வேர்த்து நின்றிருந்தால் நாற்காலி போட்டு உட்காரவைத்திருப்பேன். நின்றது அப்பா என்பதால்தான் எரிந்து விழுந்தேன்.

இன்று அந்தப் பெண்ணிடம் பொட்டலம் யார் கொண்டுவந்தது என்று கேட்டேன்.

"அம்மா, டாக்டர். கீழதான் நிக்கிறாங்க."

இறங்கிப் போனேன். "உடம்பு எப்படி இருக்குக்கா? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

அவர் சிரித்துவிட்டார். "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர். பாக்குறவங்க எல்லாரையும் இப்படித்தான் கேப்பீங்களா?"

ஆமாம் என்றேன். உங்களைத் தவிர எல்லோரையும் கேட்டுவிட்டேன், அப்பா.