அவளே சொல்லட்டும்

அக்டோபர் 21, திங்கள்
எனக்கு மாணவி கிடைத்துவிட்டாள். ஒடெஸ்ஸா. என் வயதுதான், பதினாறு. கோபம் வந்தால் நான் நாற்காலியை எறிவேன். அவள் வாயை மூடிக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள். அதனால்தான் இரண்டு பேரும் ப்ரூயிட் மிஸ்ஸின் தனி வகுப்பில் கிடக்கிறோம். தினம் நாற்பது நிமிடம் அவளுக்கு நான் கணக்கு சொல்லித்தர வேண்டும். நல்ல ஜோடிப் பொருத்தம்!

"ஏன் மிஸ், வேற ஆளே கெடைக்கலயா?" என்றேன்.
"சொல்லிக் குடுத்தா உனக்கும் நிதானம் வரும், கோரின்."

அக்டோபர் 24
எந்தக் கணக்கை முதலில் போடுவது என்று அவள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மிஸ் போட்ட விதி. பதினோரு நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுக்காமல் நானே ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். சரியாகப் போட்டாள். மிஸ்ஸிடம் இதைச் சொல்லவில்லை.

அக்டோபர் 30
இன்றும் நானேதான் தொட்டுக் காட்டினேன்.

நவம்பர் 5
எங்கள் வகுப்பில் ஒவ்வொருவருக்கும், எங்கே எப்படிப் படிப்பது என்று முடிவு செய்ய வருடம் ஒரு கூட்டம் உண்டு. ஒடெஸ்ஸாவுக்குப் பதின்மூன்றாம் தேதி. டொலிடோ நகரத்தின் மறுகோடியில், எங்களைப் போன்றவர்களுக்கென்றே இருக்கும் தனிப் பள்ளிக்கு அவளை அனுப்பப் பேச்சு நடக்கிறது. "என்ன வேணும்னு அவளே சொல்லணும். சொல்லலேன்னா அவங்களே முடிவு பண்ணிடுவாங்க," என்றார் மிஸ்.

கூட்டத்தில் சொல்ல ஒடெஸ்ஸாவுக்கு மூன்று வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். "மனப்பாடம் பண்ணுடி."
தாளைப் பார்த்தாள். "இது நீ பேசற மாதிரி இருக்கு."

நவம்பர் 13
இன்று கூட்டம். துணை முதல்வர், உளவியலாளர், ஒடெஸ்ஸாவின் அம்மா, மிஸ். அவள் பக்கத்தில் நான். "உனக்கு என்னம்மா வேணும்?" என்று துணை முதல்வர் கேட்டார். அவள் நாற்காலி பின்னால் நகர்ந்தது. ஐயோ, கீழே போகப்போறாளே! "அவ இங்கயேதான் இருக்கணும்னு..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

எழுந்து நின்றாள். "கோரின், நிறுத்து. நீ வெளிய போ."

எல்லார் முன்னாடியும்! இவளுக்காக நான் எவ்வளவு மல்லுக்கட்டினேன்! வெளியே தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி, கைக்கு எட்டும் தூரத்தில். அதைப் பிடித்தேன். பிறகு அதில் உட்கார்ந்தேன். கதவுக்குப் பின்னால் அவள் குரல். என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. ரொம்ப நேரம் பேசினாள்.

நவம்பர் 14
ஒடெஸ்ஸா இங்கேயே படிக்கிறாள். கணக்குக்கு நான் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். "நீ பக்கத்துல இருந்தா என்னால யோசிக்கவே முடியலடி." வலிக்கிறது. பொய்யாகவாவது இருந்திருக்கலாம்.

டிசம்பர் 4
அடுத்த வாரம் என் கூட்டம். பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று மிஸ் கேட்டார். சாப்பாட்டு நேரத்தில் ஒடெஸ்ஸாவிடம் போனேன். தட்டு பாதி காலியாகும்வரை யோசித்தாள். நின்றுகொண்டே இருந்தேன்.

"வரேன். ஆனா உனக்காகப் பேச மாட்டேன்."