நனையாத போர்வை

வாப்பா,

இன்று காலை வீட்டுக்குள் மறுபடியும் சொல்யூஷன் வாசனை வந்தது. நீங்கள் போய் ஆறு மாதமாகிறது. பட்டறையை வாடகைக்கு விட்டுவிட்டோம். உங்கள் சட்டைகளை உம்மா துவைத்து மடித்து யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். இனி அந்த வாசனைக்கு இங்கே வேலை இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். மாட்டுங்கா மாமா வந்து கதவைத் தட்டினார். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு பழைய காமிக்ஸ். உறையைப் பிரித்ததுமே தோல் ஒட்டுகிற அந்தப் பசையின் நெடி மூக்கில் ஏறியது. சாம்பல் பருந்தின் முதல் புத்தகம். கிழிந்த முதுகுக்கு நீங்கள் தோல் துண்டு வைத்து ஒட்டிய அதே பிரதி.

"ஆறு மாசம் முடிஞ்சுடுத்து கொழந்தே. இனிமே பாயோட முறை. அதான் கொண்டுவந்தேன்," என்றார். சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உம்மா டீ வைக்க உள்ளே போனாள். நான் புத்தகத்தை வாங்கி உங்கள் அலமாரியில் வைத்தேன்.

நேற்றுதான் சாம்பல் பருந்து படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் நீங்கள் எதையும் முதல் பக்கத்திலிருந்து படிக்கிறவர். அதனால் நானும் முதலிலிருந்தே வருகிறேன்.

மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே இருந்த பழைய புத்தகக் கடையில் இந்தப் புத்தகத்தின் ஒரு முனையை நீங்களும் மறுமுனையை மாமாவும் பிடித்துக்கொண்டு நின்ற கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். அவர் வங்கி அதிகாரி. நீங்கள் தாராவியில் நாலு மெஷின் போட்டுத் தோல் பை தைத்தவர். இரண்டு பேருமே விடவில்லை. கடைக்காரர் எரிச்சலில் "ஆதா ஆதா ஃபாட்கே லே ஜாவோ" என்றாராம். பாதிப் பாதியாகக் கிழிக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. ஆறு மாதம் அவர் வீடு, ஆறு மாதம் நம் வீடு என்று முடிவானது. அந்த இழுபறியில் கிழிந்த முதுகைத்தான் நீங்கள் அன்று சாயங்காலமே ஒட்டினீர்கள்.

சாம்பல் பருந்து ஏதோ வெளிநாட்டுத் துறைமுகத்தில் கூரை கூரையாகத் தாவித் திருடர்களைப் பிடிக்கிறவன். இடது தோளில் சாம்பல் நிறப் போர்வை. ஊரும் பேரும் வெள்ளைக்காரனுடையது. ஆனால் உங்களுக்கு அவன் தமிழ் பேசுகிறவன், அவ்வளவுதான். "கூரையைப் பார், கயவனே" என்று அவன் சொல்லும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் குரலை மாற்றிப் படித்துக் காட்டுவீர்கள். இங்கிலீஷ் பள்ளியில் படித்த எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்ட வந்ததே அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான். இப்போதும் ரயிலில் யாராவது இடித்தால் மனசுக்குள் 'அற்பப் பதரே' என்றுதான் திட்டுகிறேன். இந்த மடலைத் தமிழில் எழுத முடிகிறதே, அதற்கு முதல் நன்றி பருந்துக்கு, இரண்டாவது நன்றி உங்களுக்கு. நீங்கள் கோபிக்க மாட்டீர்கள்.

காமிக்ஸ் வீரர்களை வைத்து எந்தப் படம் வந்தாலும் முதல் நாளே பார்த்துவிடுவீர்கள். படம் பார்ப்பது பாதி வேலை. மீதி வேலை மாட்டுங்கா ஹோட்டலில் காபி வாங்கி வைத்துக்கொண்டு அதைப் பிரித்து மேய்வது. நீங்கள், மாமா, இன்னும் நாலைந்து நரைத்த தலைகள். புத்தகத்தில் எப்படி இருந்தது, படத்தில் எப்படிக் கெடுத்தான் என்று கட்டம் கட்டமாக விசாரணை நடக்கும். "சம்பந்தம் பேசப் போன எடத்துலகூட இந்த மனுசன் இவ்வளவு யோசிச்சதில்ல," என்பாள் உம்மா.

எனக்கு மலாடில் கிராபிக்ஸ் வேலை கிடைத்தபோது அது என்ன வேலை என்று அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை. நடிகரைக் கயிற்றில் கட்டித் தூக்குவார்கள், படத்தில் அந்தக் கயிறு தெரியக்கூடாது, அதை பிரேம் பிரேமாக அழிப்பது என் வேலை என்றேன். "கயிறு அழிக்கதுக்கா பி.எஸ்சி. படிச்ச?" என்றாள்.

அப்புறம் ஒரு நாள் உங்கள் பருந்தே அமெரிக்கப் படமாகி எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்தான். வெளியே மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பகலெல்லாம் நான் அவன் போர்வையைச் செய்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் நீங்கள் அதே போர்வையைப் பற்றி வாட்ஸ்அப்பில் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். படத்தில் அது வலது தோளுக்கு மாறிவிட்டிருந்தது. முதல் போட்டோ வந்ததும் உங்கள் சங்கமே கொதித்துப்போனது. "எடது தோளுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே, இவனுவளுக்குத் தெரியல பாத்தியா?" என்று என்னிடமே கேட்டீர்கள். நான் மீன் குழம்பைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

முதல் நாள் செம்பூரில் பார்த்தோம். இந்தியில் பேசிய படம். "ஊப்பர் தேக், பேட்டா," என்று பருந்து சொன்னதும் நீங்கள் தலையில் கை வைத்துவிட்டீர்கள். "கயவன் எங்க, பேட்டா எங்க? வில்லனப் போயி மவனேங்கான்," என்று எனக்குக் கேட்கும்படி முணுமுணுத்தீர்கள். நான் சிரித்தேன். ஆனால் என் ஷாட் இன்னும் வரவில்லை.

வந்தது. மழை கொட்டுகிற கூரையில் பருந்து திரும்பி நிற்கிறான். அந்தப் போர்வை முழுக்க என் கையில் இருந்த வேலை. நான் முடித்துக் கொடுத்த பிறகுதான் காட்சியில் மழையைச் சேர்க்கச் சொன்னார்கள், போர்வையை நனைக்க நேரம் தரவில்லை. அதனால் ஆள் சொட்டச் சொட்ட நிற்கிறான், போர்வை மட்டும் இஸ்திரி போட்டது போல அலைகிறது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "அரே, லாண்டரி ஸே ஸீதா ஆயா க்யா?" என்று கத்தினான். லாண்டரியிலிருந்து நேராக வருகிறவனைப் பார்த்துத் தியேட்டரே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

ஹோட்டலில் மாமாகூட "போனாப் போறது பாய், சின்ன விஷயம்," என்றார். நீங்கள் விடவில்லை. "என்ன சார் சின்ன விஷயம்? மழையில நிக்கான், துணி காஞ்சு கெடக்கு. துணின்னா ஒரு கனம் வேணாமா?" என்றீர்கள். நான் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தேன். மறுநாள் அந்தத் துண்டுக் காட்சி எல்லோருடைய போனிலும் சுற்றியது. எங்கோ இருக்கிற ரசிகர்களெல்லாம் அதற்குப் பாட்டுப் போட்டு, சோப்பு விளம்பரமாக்கி விளையாடினார்கள். உல்லாஸ்நகர் மாமி எனக்கே அதை அனுப்பி, "பாத்தியா, சிரிச்சு வயிறு வலிக்கி," என்று எழுதியிருந்தாள்.

அன்று மத்தியானம் பட்டறைக்கு வந்தேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வேலையை விடப்போகிறேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டீர்கள். அந்தப் போர்வை நான் செய்தது என்றேன். நீங்கள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "காட்டு," என்றீர்கள். போனில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தீர்கள். நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற மகள் செய்தது என்று தெரிந்துவிட்டது, இனி 'இப்பம் பாத்தா அப்படியொண்ணும் மோசமில்ல' என்று ஒரு பொய் சொல்வீர்கள். அதைக் கேட்டதும் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவது என்று நினைத்திருந்தேன். நீங்களே என்னிடம் பொய் சொன்னால் அப்புறம் நான் யார் சொல்வதை நம்புவது?

"நேத்து சொன்னதுதான். நல்லால்ல," என்றீர்கள்.

அப்புறம் நீங்களே கேட்டீர்கள். "அவன் பறக்கும்போது கயிறு கட்டித்தானே தூக்கியிருப்பானுவ? அத அழிச்சது யாரு?"

"அதுலயும் நான் இருக்கேன்."

"ஹோட்டல்ல அதப் பத்தி எவனாச்சும் வாயத் தொறந்தானா?"

"இல்ல."

"பெறவென்ன? எங்க வாயில விழாமத் தப்பிச்சுதுன்னா அது நல்ல வேலைன்னு அர்த்தம். போர்வையவும் அப்படிச் செய்யி."

மறுபடி கத்தரியை எடுத்துத் தோலை வெட்ட ஆரம்பித்துவிட்டீர்கள். தலையைத் தடவவில்லை, டீ வாங்கித் தரவில்லை. அன்று நீங்கள் இரக்கப்பட்டிருந்தால் நான் இந்நேரம் வேறு எங்கேயோ இருந்திருப்பேன். இரக்கப்படாததற்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று உங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த வாரமே என்னை மட்டும் கூட்டிக்கொண்டு இன்னொரு தடவை படத்துக்குப் போனீர்கள். படம் முடிந்து எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். துடைப்பத்தோடு வந்து நின்றவரிடம், "ருக்கோ பாய், பேட்டீ கா நாம் ஆயேகா," என்றீர்கள். மகளின் பெயர் வரும் என்று கேட்டதும் அவரும் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். வரவில்லை. ஸ்டுடியோவில் பெரியவர்கள் சில பேருடைய பெயரை மட்டும்தான் போட்டிருந்தார்கள். திரும்பி வரும்போது ரயிலில், எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் இருந்த பையைக் கண்ணால் காட்டி, "நம்ம பை," என்றீர்கள். அதில் வேறு ஏதோ கம்பெனியின் பெயர் இருந்தது. உங்கள் முகத்தில் வருத்தமே இல்லை, திருட்டுச் சிரிப்புதான் இருந்தது.

இரண்டாம் பாகமும் எங்களுக்கே வந்தது. பருந்தின் போர்வை இடது தோளுக்குத் திரும்பிவிட்டது. நீங்கள் போட்ட கூச்சல் அமெரிக்கா வரை கேட்டுவிட்டதாக மாமா இன்றும் நம்புகிறார். மறுபடியும் கூரை, மறுபடியும் மழை. நனைந்த துணி எப்படித் தொங்கும் என்று கம்ப்யூட்டரில் எவ்வளவு முயன்றாலும் சரியாக வரவில்லை. எந்தப் படத்துக்கு என்று சொல்லாமல் உங்களிடம் கேட்டேன். எந்தப் படம் என்று நீங்களும் கேட்கவில்லை. உம்மா பெட்டியில் பூட்டி வைத்திருந்த புது சோலாப்பூர் போர்வையை எடுத்தீர்கள். கொட்டுகிற மழையில் பட்டறை மாடிக்கு ஏறி, அதை இடது தோளில் போட்டுக்கொண்டு நின்றீர்கள்.

நான் தகரக் கூரைக்கு அடியில் நின்று போனில் எடுத்தேன். நடந்தீர்கள், திரும்பினீர்கள், கையை வீசினீர்கள். வருடக்கணக்காக மெஷினில் குனிந்து உங்கள் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். தண்ணீர் ஏறிய போர்வை அந்தப் பக்கம் வழுக்கிப் போய்க் கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டது. "சீக்கிரம் எடுளா, கனக்கு," என்றீர்கள். கீழேயிருந்து பக்கத்துப் பட்டறைப் பையன்கள் என்ன ஆச்சோ என்று, "சாச்சா, க்யா ஹுவா?" என்று கத்தினார்கள். நீங்கள் மாடி விளிம்புக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கூரையைப் பார், கயவனே," என்றீர்கள். உம்மா மட்டும் படியில் நின்று, "புதுப் போர்வ, நாசமாப் போச்சு," என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வீடியோவை வைத்துத்தான் வேலையை முடித்தேன். படம் வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

நேற்று உம்மாவையும் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு மாமாவுக்கும் எனக்கும் நடுவில் இடம். நான் அவளிடம் எதையும் சொல்லவில்லை. பாதிப் படம் தூங்கினாள். கூரைக் காட்சியில் இடி இடித்தபோது விழித்துக்கொண்டாள். பருந்து மழையில் நடந்து வந்து திரும்பினான். போர்வை இடது பக்கமாக வழுக்கிக் காலில் ஒட்டியது. உம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏளா, இது வாப்பா தோள்ல கெடந்த மாதிரில்லா கெடக்கு," என்றாள்.

"நம்ம போர்வதான் உம்மா," என்றேன். அவள் படம் முடியும் வரை என் கையை விடவில்லை.

எழுத்துகள் முடியும் வரை மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். இந்தத் தடவையும் என் பெயர் வரவில்லை. மாமாவுக்குத்தான் கோபம். நான் அடுத்த படத்துக்கும் கடைசி வரை உட்காருவேன், நீங்கள் பழக்கிவிட்ட பழக்கம் அது. இப்போதெல்லாம் ஒரு ஷாட்டை அனுப்புவதற்கு முன் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, மாட்டுங்கா ஹோட்டலில் உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பது போல ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

அப்புறம் எல்லோரும் ஹோட்டலுக்குப் போனோம். உங்கள் நாற்காலியை விட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். கதை மோசம் என்றார்கள். வில்லன் சொதப்பல் என்றார்கள். இந்தி வசனம் எழுதினவனைக் கூரையிலிருந்து தள்ள வேண்டும் என்றார் மாமா. இரண்டு தடவை காபி வந்தது. நான் ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டே கடைசி வரை காத்திருந்தேன். போர்வையைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை, வாப்பா.